ஓடக்காரர் பாட்டைத் தவறாக வாசித்தவன்

என் குரல் சத்தமாக வாசிப்பதற்கு ஏற்ற குரல். நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை, பள்ளிக்கூட நாளிலிருந்தே மற்றவர்கள் சொன்னது. அதிகம் ஏறாது, இறங்காது, தொண்டை கட்டாது. மூன்று மணி நேரம் வாசித்தாலும் முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால், நீதிபதி அவர்களே, உங்கள் எழுத்தர் அவசரப்பட வேண்டாம். அவர் எழுதி முடிக்கும்வரை ஒவ்வொரு வாக்கியத்துக்கும் காத்திருப்பேன். ஏழு வருஷம் அப்படித்தான் வாசித்தேன், பழகிவிட்டது.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். என் பெயர் லெபெரெக்ட் டோர்ன்பாக். அப்பா மலையடிவாரத்துக் கிராமம் ஒன்றில் தபால்காரர். இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு நான் லத்தீன் படிக்க வந்தேன், டாக்டர் பட்டத்துக்கு ஆய்வேடு எழுதினேன். ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பதில் அதை முடித்தேன்.

'ஓடக்காரர் பாட்டு' என்று ஒரு லத்தீன் கவிதை. எண்ணூற்றுச் சொச்சம் வரி. யார் எழுதினார் என்று தெரியாது. ஆற்றில் ஆட்களை அக்கரை சேர்க்கிறவர்களின் ஒரு நாளைப் பற்றியது. இருப்பது ஒரே ஒரு தோல்சுவடி. அதுவும் ஸ்விட்சர்லாந்து மலைமேல் ஒரு மடத்தில் இருக்கிறது. அதன் புகைப்படங்கள் எங்கள் பேராசிரியர் ஓட்டோமார் ஹார்ஸ்லெபன் வீட்டு அலமாரியில் இருந்தன. மாணவர்கள் அவர் வீட்டுக்குப் போய், அவர் மேஜையில் உட்கார்ந்து பார்க்கலாம்.

மூன்று வருஷம் பார்த்தேன். நான் கண்டுபிடித்தது இதுதான்: அந்தப் பாட்டின் கடைசித் தொண்ணூறு வரிகளை அந்தக் கவிஞன் எழுதவில்லை. பின்னால் வந்த வேறு யாரோ ஒட்டவைத்தது. ஒரு சொல்லின் கடைசி உயிரும் அடுத்த சொல்லின் முதல் உயிரும் மோதுகிற இடங்களை வரி வரியாக எண்ணினேன். முதல் எழுநூற்றுச் சொச்சம் வரிகளில் அந்தக் கவிஞன் வரியின் கடைசிப் பகுதியில் ஓர் இடத்தில்கூட அப்படி மோதவிடவில்லை. கடைசித் தொண்ணூறில் முப்பத்தொரு இடம். ஒருவனுடைய காது ஒரே பாட்டுக்குள் இப்படி மாறாது. இதைச் சொல்ல இரண்டு வாக்கியம் போதும். நிரூபிக்க எனக்கு என் இருபதுகள் தேவைப்பட்டன.

ஜூனில் ஆய்வேட்டைப் பேராசிரியரிடம் கொடுத்தேன். அக்டோபர்வரை அவரிடமே இருந்தது. அக்டோபரில் ஆராய்ச்சி இதழ் வந்தது. முதல் கட்டுரை அவருடையது. தலைப்பு, 'ஓடக்காரர் பாட்டின் இறுதிப் பகுதி பற்றி.' முப்பத்தொரு இடங்களும் வரிசையாக இருந்தன. அடிக்குறிப்பு ஒன்றில் 'எண்ணிக்கையில் உதவிய மாணவர் ஒருவருக்கு நன்றி' என்று இருந்தது.

அடுத்த வாரம் என்னைக் கூப்பிட்டு ஆய்வேட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்ல உழைப்புப்பா. ஆனா என்ன செய்ய? பட்டம் வேணும்னா புதுசா ஏதாவது சொல்லணும். இது ஏற்கெனவே அச்சாயிடுச்சே."

"நீங்க அச்சடிச்சதால அச்சாயிடுச்சு ஐயா."

"நான் இதைப் பத்தி யோசிக்க ஆரம்பிச்சப்போ நீ பள்ளிக்கூடத்துல இருந்திருப்ப. எண்ணிப் பாக்கத்தான் நேரம் கிடைக்கல. மனசுல வச்சுக்காத. வேற தலைப்பு தரேன்."

நான் நன்றி சொன்னேன். படிகளில் இறங்கும்போது ஆய்வேட்டைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டேன், மழை தூறிக்கொண்டிருந்தது.

அப்பாவிடம் சொல்வதுதான் சிரமமாக இருந்தது. அவர் தபால் கொடுக்கப் போகும் வீடுகளிலெல்லாம் மகன் டாக்டர் ஆகப்போகிறான் என்று சொல்லிவைத்திருந்தார். வாய்மொழித் தேர்வு நாளுக்காக என் மாமாவிடம் கறுப்புக் கோட்டு ஒன்று வாங்கி, தூசி தட்டி, கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் ரொம்ப நேரம் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே இருந்தார்.

"அவர் படிச்சவரு. வேணும்னு செஞ்சிருக்க மாட்டாரு," என்றார். பிறகு, "நீ ஏதாவது எதுத்துப் பேசினியா?" என்று கேட்டார்.

அந்தக் குளிர்காலம் முழுதும் கிராமத்துப் பிள்ளைகள் அவர் பையைப் பிடித்து இழுத்து, "டாக்டரோட அப்பா, எனக்கு வயித்துவலி, மருந்து குடுங்க," என்று கேலி செய்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே ஆளுக்கொரு சர்க்கரைக் கட்டி கொடுத்தார். அடுத்த வருஷம் நெஞ்சில் சளி கட்டி இறந்துபோனார். அதற்கும் இதற்கும் சம்பந்தம் என்று நான் சொல்லவில்லை. வரிசையாகச் சொல்லச் சொன்னீர்கள், அதனால் சொல்கிறேன்.

வேறு தலைப்பு எதிலும் எனக்கு மனம் போகவில்லை. பல்கலைக்கழக நூலகத்தில் அட்டவணை எழுதும் வேலை கிடைத்தது, ஊரிலேயே தங்கிவிட்டேன். என்னிடம் மனக்கசப்பு இருந்ததாக யாரும் சாட்சி சொல்ல மாட்டார்கள். தெருவில் பேராசிரியரைப் பார்த்தால் தொப்பியைக் கழற்றுவேன். பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்புவேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நான்கில் அவருடைய கண் மங்கத் தொடங்கியது. பார்வை நடுவில் போய்விட்டது என்றார் வைத்தியர். ஓரத்தில் தெரியும். எதிரே ஆள் வந்தால் தெரியும், எழுத்து தெரியாது. அப்போதுதான் 'ஓடக்காரர் பாட்டு'க்குப் பெரிய பதிப்பு ஒன்று கொண்டுவரத் தொடங்கியிருந்தார். அவர் வாழ்நாளில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அதற்கு யாராவது சுவடிப் புகைப்படங்களை எழுத்தெழுத்தாக வாசித்துச் சொல்ல வேண்டும். பழைய எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் மூன்று பேர். ஒருவர் அவர், இன்னொருவர் படுத்த படுக்கை.

"டோர்ன்பாக், உன்னைக் கேக்க எனக்கு உரிமை இல்ல," என்று ஆரம்பித்தார்.

"அப்படியெல்லாம் சொல்லாதீங்க ஐயா. எந்தக் கிழமைல வரணும்?"

செவ்வாய், வியாழன், சனி என்று முடிவானது. ஆற்றுக்கு அந்தக் கரையில் அவர் வீடு. பதினொரு மணிக்குப் போவேன். அவர் மனைவி இறந்து பல வருஷம் ஆகியிருந்தது. சமையல்காரி காபியும் பிளம்ஸ் கேக்கும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். அவர் கண்ணை மூடி நாற்காலியில் சாய்ந்துகொள்வார், நான் வாசிப்பேன்.

முதல் வருஷம் சரியாகத்தான் வாசித்தேன். இது முக்கியம். திட்டம்போட்டு அங்கே போனேன் என்று எழுத வேண்டாம். முதல் பிழை தற்செயலாக நேர்ந்தது. 'ரீபா' என்றால் கரை. 'ராபா' என்றால் ஒரு வகைக் கிழங்கு, நம் வீட்டில் பன்றிக்கறியோடு வேகவைப்போமே, அது. ஓடக்காரன் கரையைப் பார்த்து ஏங்குவதாக வரி. இருமல் வந்து அடக்கிக்கொண்டே வாசித்ததில் 'ராபா' என்று சொல்லிவிட்டேன். ஓடக்காரன் கிழங்கைப் பார்த்து ஏங்கினான். திருத்துவதற்கு வாயெடுத்தேன். அதற்குள் அவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"கிழங்கா? நல்லாப் பாருப்பா."

பார்த்தேன். கரை என்று தெளிவாக இருந்தது.

"கிழங்குதான் ஐயா."

"அட! அப்போ பசியைச் சொல்றான். இத்தனை பேரு இதைக் கரைன்னே திருத்தி அச்சடிச்சிருக்கானுங்க பாரு, முட்டாப் பசங்க."

இரண்டு வாரம் அந்தக் கிழங்கோடு இருந்தார். பழங்காலத்து ஏழைகள் என்ன சாப்பிட்டார்கள் என்று எட்டுப் பக்கக் குறிப்பு சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அழகான குறிப்பு. ஒரு வாக்கியத்தில்கூடக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கிழங்கு எங்கும் இல்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய், அப்பா இறந்தபிறகு முதல் தடவையாக, பசி எடுத்துச் சாப்பிட்டேன்.

அதன்பிறகு மாதத்துக்கு இரண்டு. சில மாதம் நான்கு. அளவு தப்பாமல், அசை கெடாமல், அர்த்தம் ஏதோ ஒன்று வரும்படியாக. மாற்றுச் சொல் தேடி முந்தின நாளே தயார்செய்து கொண்டுபோவேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஆராய்ச்சி செய்த காலத்தில்கூட அவ்வளவு நுணுக்கமாக உழைத்ததில்லை. அவர் ஒவ்வொன்றையும் தாங்கிப்பிடிக்க ஒரு விளக்கம் கட்டினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பதிப்பு வெளிவந்து ஊரெல்லாம் பாராட்டியபிறகு, சுவடியில் உண்மையில் இருப்பதைப் பட்டியலிட்டு நான் ஒரு சிறு நூல் போடுவது என்று இருந்தேன். அவர் என்னை எதனால் அடித்தாரோ அதனாலேயே, அச்செழுத்தினாலேயே.

ஒட்டீலி கெர்லாக்கைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும்.

பல்கலைக்கழகத்தில் பெண்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கி மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. கெர்லாக் கிழக்கே சைலீசியாவிலிருந்து வந்தவள். அவள் அப்பா கடிகாரம் பழுதுபார்ப்பவர். வயது இருபத்துநான்கு. உயரம். நூலகத்தில் கையுறையின் விரல்நுனிகளை வெட்டிவிட்டு உட்கார்ந்து எழுதுவாள். பேச்சு கொஞ்சம் அதிகம். அவளுடைய ஆய்வேடு 'ஓடக்காரர் பாட்டில் படகு சார்ந்த சொற்கள்.' மற்ற மாணவர்கள், "கப்பல் கேப்டன் வர்றாங்க, வழி விடுங்க," என்பார்கள். அவளும் சல்யூட் அடித்துவிட்டு உட்காருவாள்.

பேராசிரியருடைய புகைப்படங்கள் போதாது, சுவடியையே பார்க்க வேண்டும் என்று ஒரு கோடையில் அந்த மடத்துக்கே போய்விட்டாள். பெண்களை உள்ளே விடமாட்டார்கள். வாசல்காப்போனின் அறையில் ஒரு மேஜை போட்டு, ஒரு துறவி சுவடியைக் கொண்டுவந்து கொடுத்து, பக்கத்திலேயே ஜெபம் சொல்லிக்கொண்டு காவல் இருந்தாராம். மூன்று வாரம். பாட்டு முழுவதையும் எழுத்தெழுத்தாகப் படியெடுத்து வந்தாள்.

போன வருஷம் பிப்ரவரியில், ஒரு திங்கட்கிழமை, அட்டவணைப் பெட்டிகளுக்கு நடுவில் என்னைத் தேடி வந்தாள். கையில் பேராசிரியரின் பதிப்பினுடைய புரூஃப். படகுச் சொற்களைச் சரிபார்க்க அவரே கொடுத்திருந்தார்.

"ஹெர் டோர்ன்பாக், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும், கோவிச்சுக்கக் கூடாது."

"கேளுங்க ஃப்ராய்லைன்."

"உங்க கண்ணை எப்போ கடைசியா வைத்தியர்கிட்டக் காமிச்சீங்க?"

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. புரூஃபைப் பிரித்துக் காட்டினாள். ஓரங்களில் பென்சில் குறிகள்.

"இருநூத்துப் பதினாலு இடம். சுவடியில ஒண்ணு இருக்கு, இதுல ஒண்ணு இருக்கு. கிழங்கு வருது பாருங்க. அங்க கிழங்கே இல்ல. புகைப்படம் மங்கலா இருந்திருக்கும், ஏழு வருஷமா வாசிச்சு உங்களுக்கும் களைப்பா இருந்திருக்கும். யாருக்கு வேணா நடக்கும். அச்சுக்குப் போறதுக்குள்ள நாம ரெண்டு பேருமாப் போய் ஐயாகிட்டச் சொல்லிடலாம். திருத்தின பட்டியல்ல உங்க பேரும் என் பேரும் சேத்துப் போட்டுடலாம். உங்களை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

இதை நான் மறைக்கவில்லை. அவள் அப்படித்தான் சொன்னாள். நல்ல பெண்.

ஆனால் நீங்கள் என் இடத்திலிருந்து பார்க்க வேண்டும். பதிப்பு இன்னும் அச்சாகவில்லை. இப்போது பட்டியல் போனால் பேராசிரியர் திருத்திக்கொள்வார். ஐரோப்பாவின் மிகச் சரியான பதிப்பு அவர் பெயரில் வரும். ஏழு வருஷ உழைப்பு. அதற்கு முன்னால் ஐந்து வருஷம் காத்திருந்தது. எல்லாம் அவருக்கே போய்ச் சேரும். அவர் இரண்டாம் தடவையும் என்னை எடுத்துக்கொண்டதாக ஆகும். இதில் கெர்லாக்குக்குச் சம்பந்தமே இல்லை. அவள் நடுவில் வந்து நின்றாள், அவ்வளவுதான்.

ஒரு வாரம் பொறுக்கச் சொன்னேன். அவள் பொறுக்கவில்லை. மறுநாள் காலை தானாகவே அவரிடம் போய்விட்டாள். அதே செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு நான் வாசிக்கப் போனபோது அவரே சொன்னார்.

"அந்தக் கப்பல் கேப்டன் வந்திருந்தா. உன் வாசிப்புல தப்பு இருக்காம். டோர்ன்பாக் வாயை நம்புறேன், என் கண்ணை நம்பமாட்டேன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"போயிட்டாங்களா?"

"எங்க போறா? சனிக்கிழமை பட்டியலோட வர்றாளாம். புகைப்படத்தை வேற ஆள் வச்சுப் பாக்கணுமாம். பாக்கட்டுமே, நமக்கென்ன? அதிலயும் நாலு சரியா இருந்துட்டா, அவ ஆய்வேட்டுக்கு நானே முன்னுரை எழுதித் தரேன்." கேக்கைக் கையால் தடவி எடுத்துக்கொண்டார். "ஒரு தடவை ஒரு மாணவனுக்குச் செஞ்சது போதும். உனக்குத் தெரியாம ஒண்ணு செஞ்சிருக்கேன் டோர்ன்பாக். முகப்புப் பக்கத்துல என் பேருக்குக் கீழ உன் பேரையும் போடச் சொல்லி அச்சகத்துக்கு எழுதிட்டேன். பன்னிரண்டு வருஷம் ஆயிடுச்சு, எனக்கு அதைச் சொல்ல வாய் வரல."

நன்றி சொன்னேன். முகப்புப் பக்கத்துப் புரூஃப் புதன்கிழமை வந்தது. அதை அவருக்கு வாசித்துக் காட்டியது நான்தான். என் பெயரையும் சேர்த்து வாசித்தேன், அவர் தலையசைத்தார். அச்சகத்துக்குத் திருப்பி அனுப்பும்போது அந்த வரியை அடித்துவிட்டேன். பொய்யான புத்தகத்தில் என் பெயர் வருவதை நான் விரும்பவில்லை.

சனிக்கிழமை.

ஜனவரியிலிருந்து ஆறு உறைந்திருந்தது. நூலகத்துப் படித்துறையிலிருந்து அக்கரைக்குப் பனிமேல் ஒரு பாதை போட்டு, இரண்டு பக்கமும் தேவதாருக் கிளைகளை நட்டுவைத்திருந்தார்கள். நடந்தால் ஐந்து நிமிஷம். பாலத்தைச் சுற்றிக்கொண்டு போனால் இருபத்தைந்து. அந்த வாரம் குளிர் விட்டது. மதுவடிக்கும் ஆலையிலிருந்து வெந்நீர் வந்து விழுகிற இடத்துக்குக் கீழே பனி கறுத்துப்போயிருந்தது. வெள்ளிக்கிழமை மாலை நகராட்சி ஆட்கள் படித்துறையில் ஒரு பலகை நட்டுவிட்டுப் போனார்கள். 'கடக்கக் கூடாது.'

பத்தே முக்கால் மணிக்கு நூலகத்து வாசலில் கெர்லாக்கைப் பார்த்தேன். மார்போடு அணைத்துப் பிடித்தபடி பச்சைத்துணிக் கட்டு ஒன்று வைத்திருந்தாள். பட்டியல், படியெடுத்தது, ஆய்வேடு, எல்லாம் அதில்தான்.

"லேட்டாயிடுச்சு," என்றாள். "ஐயா பதினொண்ணுன்னா பதினொண்ணுதான். பனி தாங்குமா?"

"காலையில நான் அந்த வழியாத்தான் வந்தேன்."

"அப்போ சரி."

"கட்டை இப்படிக் குடுங்க. பனியில கையை வீசி நடந்தாத்தான் வழுக்காது. எனக்குப் புத்தகக் கடையில ஒரு வேலை இருக்கு, பாலம் வழியா நான் எடுத்துட்டு வந்துடறேன்."

"உங்களுக்கு ரொம்ப நல்ல மனசு," என்றாள். கட்டைக் கொடுத்துவிட்டு, இரண்டு கையையும் சிறகுபோல விரித்து ஆட்டிக் காட்டினாள். "கேப்டன் நடந்து போறாங்க."

நான் அன்று காலை பாலம் வழியாகத்தான் வந்திருந்தேன். பலகை காற்றில் விழுந்திருக்கும் என்று போலீஸ் எழுதியது. அன்றைக்குக் காற்று கிடையாது. எட்டு மணிக்கு நான்தான் அதைப் பிடுங்கி, எழுத்து கீழே இருக்கும்படி பனியில் படுக்கவைத்தேன். யாரும் பார்க்கவில்லை. வேறு யாராவது அந்த வழி போயிருந்தால் என்று கேட்கிறீர்கள். அதையும் யோசித்தேன். எட்டு மணியிலிருந்து படித்துறையைப் பார்த்த ஜன்னலருகே உட்கார்ந்திருந்தேன். வந்த இரண்டு பேரையும் ஜன்னலைத் திறந்து எச்சரித்துத் திருப்பி அனுப்பினேன். அவர்களை விசாரித்தால் சொல்வார்கள்.

நான் பாலத்தின் நடுவில் இருந்தபோது நடந்தது. என் பெயரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டாள். என்னைப் பார்த்துவிட்டாள்போல. மதுவாலை ஆட்கள் ஏணியும் கயிறும் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். நான் நின்று பார்க்கவில்லை. பதினொன்று பத்துக்குப் பேராசிரியர் வீட்டில் இருந்தேன்.

"பொண்ணு வரலையே?" என்றார்.

"வரல ஐயா."

எழுநூற்று நாற்பதாவது வரியிலிருந்து வாசித்தேன்.

பதிப்பு மே மாதம் வந்தது. நான் எதிர்பார்த்த பாராட்டெல்லாம் வந்தது. என் நூல் செப்டம்பரில் வந்தது, தொண்ணூற்றாறு பக்கம். அதற்குக் கெர்லாக்கின் பட்டியல் எனக்குத் தேவைப்பட்டது என்று ஒப்புக்கொள்கிறேன். எந்தெந்த இடத்தில் மாற்றி வாசித்தேன் என்று நான் குறித்துவைக்கவில்லை. வைத்திருந்தால் யாராவது கண்டெடுத்திருப்பார்கள். ஏழு வருஷத்தில் சில இடங்களில் எது சுவடி, எது நான் என்று எனக்கே மறந்துபோயிருந்தது. ஆனால் ஒவ்வொரு பிழையும் என் வாயிலிருந்து வந்தது. அவள் அவற்றைப் பொறுக்கித்தான் கொடுத்தாள். அதனால் நூலில் என் பெயர் மட்டும் இருப்பதுதான் நியாயம். எண்ணிக்கையில் உதவிய மாணவி ஒருவருக்கு அடிக்குறிப்பில் நன்றி சொல்லியிருக்கிறேன்.

பேராசிரியருக்கு அஞ்சலில் ஒரு பிரதி வந்திருந்தது. வியாழக்கிழமை அதை என் கையில் கொடுத்தார்.

"யாரோ நம்மைக் கிழிச்சிருக்கானாம். சமையல்காரி சொல்றா, ஊரே பேசுதாம். வாசி, கேப்போம். யாரு எழுதினது?"

"நான்தான் ஐயா."

அவர் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். ஓரக்கண்ணில் என்னைப் பிடிக்கப் பார்த்தார் என்று நினைக்கிறேன். பிறகு, "வாசி," என்றார்.

இருநூற்றுப் பதினான்கையும் வாசித்தேன். மூன்று மணி நேரம் ஆனது. நடுவில் ஒரே ஒரு தடவைதான் பேசினார், கிழங்கு வந்த இடத்தில்.

"அப்போ கரைதானா?"

"கரைதான் ஐயா."

"நல்லவேளை," என்றார். "கிழங்கு எனக்கு உள்ளூர ஒட்டவே இல்ல. கரைன்னாத்தான் அந்த வரி வரி."

இதற்காகவா பன்னிரண்டு வருஷம் என்று எனக்குச் சிறு ஏமாற்றம். அவர் கத்தியிருக்கலாம். கேட்டுக்கொண்டு போய்விட்டார். அதன்பிறகு ஆட்களைப் பார்ப்பதை நிறுத்தினார். நவம்பரில் இறந்தார். வயது எழுபத்தொன்று. அதை என் கணக்கில் எழுத வேண்டாம். நான் வாசித்ததோடு சரி.

ஜனவரியில் பல்கலைக்கழகம் அந்த நூலையே ஆய்வேடாக ஏற்று எனக்குப் பட்டம் கொடுத்தது. மாமாவின் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டேன், தோள் மட்டும் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். மகள் ஆராய்ந்த பாட்டைப் பற்றி ஏதோ புத்தகம் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டுக் கெர்லாக்கின் அப்பா அதை வரவழைத்திருக்கிறார். அவருக்கு லத்தீனில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. மடத்திலிருந்து மகள் எழுதிய கடிதம் ஒன்று அவரிடம் இருந்தது. 'அப்பா, இன்னைக்கு இதைத்தான் படியெடுத்தேன், பாக்க எவ்வளவு அழகா இருக்கு' என்று வேடிக்கைக்காகப் பத்து வரி எழுதி அனுப்பியிருந்தாள். அவர் கடிகாரம் பார்க்கிற பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு அந்தப் பத்து வரியையும் என் நூலையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார். இரண்டிலும் ஒன்றாக இருந்த இடத்தைக் கோடிட்டு உங்களிடம் கொண்டுவந்தார். நீங்கள் மடத்துக்கு எழுதிக் கேட்டீர்கள்.

எங்கள் துறையில் முதல் வருஷ மாணவனுக்கே தெரிந்த விதி இது. இருவர் ஒரே சரியை எழுதினால் அதிலிருந்து எதையும் முடிவு செய்ய முடியாது. இருவர் ஒரே பிழையை எழுதினால் ஒருவர் மற்றவரைப் பார்த்து எழுதியிருக்கிறார். முந்நூற்றுப் பதினேழாம் வரியில் சுவடியில் இருப்பது 'அவிஸ்', பறவை. அந்தச் சொல்லுக்கு முன்னால் ஒரு மெழுகுக் கறை இருக்கிறதாம், துறவிகள் எழுதியிருக்கிறார்கள். கறையை ஓர் எழுத்தாக எடுத்துக்கொண்டு அவள் 'நாவிஸ்' என்று படியெடுத்துவிட்டாள், படகு. படகை ஆராய்கிறவள் கண்ணுக்குப் படகு தெரிந்தது. கடிதத்திலும் படகு. என் நூலில், அறுபத்தோராம் பக்கத்திலும் படகு.

அசைகளைக் குறில் நெடில் பார்த்து எண்ணியிருந்தால் அங்கே படகு பொருந்தாது என்று தெரிந்திருக்கும். நான் எண்ணவில்லை. அவளுக்கே சந்தேகம் இருந்திருக்க வேண்டும். பட்டியலில் அந்த இடத்து ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள். அப்படி நாலைந்து கேள்விக்குறிகள். அச்சுக்குப் பிரதி எடுக்கும்போது அவற்றை விட்டுவிட்டேன். புத்தகம் என்றால் உறுதியாகப் பேச வேண்டும்.

பேராசிரியரின் பதிப்பில் அந்த இடத்தில் பறவை என்றுதான் இருக்கிறது, அதையும் பிழை என்றுதான் அவள் பட்டியலில் சேர்த்திருந்தாள். அதாவது அந்த ஒரு சொல்லை நான் அவருக்குச் சரியாகத்தான் வாசித்திருக்கிறேன்.

ஆகவே ஒட்டீலி கெர்லாக்கை ஆற்றில் சாகவிட்டது நான்தான். பலகையைப் பிடுங்கியது நான், பனி தாங்கும் என்று நம்பவைத்தது நான், துணிக்கட்டை முன்கூட்டியே வாங்கிக்கொண்டதும் நான். இவற்றுக்கெல்லாம் கையெழுத்துப் போடுகிறேன், எங்கே என்று காட்டுங்கள். ஒன்று மட்டும். குற்றப்பத்திரிகையில் 'தன் நூலில் இருநூற்றுப் பதினான்கு பிழைகளைத் திருத்துவதாகச் சொல்லிக்கொண்டு, புதிதாக ஒரு பிழையையும் செய்தவர்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிட வேண்டும். அந்த நூலில் மற்றதெல்லாம் என்னுடையது. அறுபத்தோராம் பக்கத்துப் பிழை அவளுடையது.